பிள்ளை எந்த ஊர் ஆளாக வளரும்? குலசேகரத்துத் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். குலசேகரத்திலிருந்து இங்கே இங்கிலாந்துக்குப் படிக்க வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, கூடப் படித்த இங்கிலாந்துப் பெண்ணைக் கட்டியிருக்கிறீர்கள், ஜனவரியில் பிள்ளை. ஊரில் அம்மா போனில், "பேரும் நம்ம பேரு இல்ல, பேச்சும் நம்ம பேச்சு இல்ல, பின்ன அது எப்பிடி நம்ம பிள்ளை ஆவும்?" என்று அழுகிறார்கள். மாமியார் வீட்டில், இரண்டு பாஷை பேசினால் பிள்ளை குழம்பிப்போகும் என்கிறார்கள். பிள்ளை இந்தப் பக்கமும் சேராமல் அந்தப் பக்கமும் சேராமல் போய்விடுமா, நிறத்தை வைத்து யாராவது ஏதாவது சொன்னால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் உங்களைப் போலக் கன்னியாகுமரி மாவட்டம்தான், சொந்த ஊர் தக்கலைப் பக்கம். 2002-இல் நர்ஸ் வேலைக்கு வந்தேன், 2005-இல் யார்க்ஷயர்காரர் ஒருவரைக் கட்டினேன். மகளுக்கு இப்போது 19 வயது, மகனுக்கு 15. நான் சரியாகச் செய்ததும் உண்டு, தப்பாகச் செய்ததும் உண்டு, இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் தப்பைச் சொல்லிவிடுகிறேன். மகளைத் தமிழ் ஆட்கள் கூடும் இடத்துக்கு, பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ கூட்டிக்கொண்டு போனால், யாராவது அவளிடம் ஒரு வார்த்தை தமிழில் கேட்டதும் நான் முந்திக்கொள்வேன். "அவ பாதிதான் தமிழ், அவ்வளவா வராது" என்று. நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன், பிள்ளை சங்கடப்படக் கூடாது என்று. அவளுக்குப் பதினாறு வயது ஆனபோது ஒரு சண்டையில் அதை வெளியே கொட்டினாள். "நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே நீ எனக்காக மன்னிப்பு கேட்டுருவ. அதனாலதான் நான் பேசவே இல்ல" என்றாள். அதைத் தமிழில்தான் சொன்னாள். நான் அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன்.

அதனால் பாதி என்ற வார்த்தையை வீட்டுக்குள் விடாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு இரண்டு ஊர் இருக்கிறது, இரண்டும் முழுசாக இருக்கிறது. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நம் மாவட்டத்துக்காரனுக்கு இது புரியாமல் இருக்காது. நான் சென்னையில் நர்சிங் படித்தபோது ஹாஸ்டலில் முதல் நாள் "கொஞ்சம் வெள்ளம் தாங்க" என்று கேட்டேன், நான்கு பேர் சேர்ந்தாற்போல் "நீ மலையாளியா?" என்றார்கள். அதே நான் திருவனந்தபுரத்தில் துணிக்கடைக்குப் போனால், தமிழ் ஆட்களை இளப்பமாகச் சொல்கிற "பாண்டி" என்ற வார்த்தையை முணுமுணுப்பார்கள். உங்களுக்கும் இது நடந்திருக்கும். என் பாட்டா, அதாவது தாத்தா, திருவிதாங்கூர் ராஜா காலத்தில் பிறந்தவர், பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, வீட்டை விட்டு ஒரு அடி நகராமலே வேறு மாநிலத்துக்காரர் ஆனார். பத்திரம் மலையாளத்தில், ஜெபம் தமிழில், கோபம் வந்தால் இரண்டிலும். எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனை இன்றைக்கும் நம் மண்ணில்தான் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்வது கேரள அரசு. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த நாம், ஒரு பிள்ளை இரண்டு இடத்துக்குச் சொந்தமாக இருக்க முடியுமா என்று பயப்படத் தேவையில்லை.

ஆனால் ஒன்று, பேச்சை மறைத்துக்கொள்ளலாம். சென்னையில் நான் ஒரே மாதத்தில் "தண்ணி" சொல்லக் கற்றுக்கொண்டேன். நிறத்தை மறைக்க முடியாது. அது வேறு கதை, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

என் மகள் வெளுப்பு. மகன் என் அப்பாவைப் போல நல்ல கறுப்பு. ஒரே தாய் தகப்பனுக்கு இப்படிப் பிறக்கும், இது மருத்துவத்தில் சாதாரணம். 2012-இல் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனோம், மகனுக்கு இரண்டு வயது, மகளுக்கு ஆறு. வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் மகளைத் தூக்கினார்கள். கன்னத்தைக் கிள்ளினார்கள், போட்டோ எடுத்தார்கள். மகனைப் பார்த்து என் சித்தி ஒருத்தி, திண்ணையில் உட்கார்ந்தபடி, "அக்காவுக்க நிறத்துல கொஞ்சம் கூட இவனுக்கு வரல்லியே" என்றாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, மழை வரல்லியே என்கிற மாதிரி சொன்னாள். அன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கினார்களா என்று பார்க்கப் போனேன். மகள் குட்டிக்கூரா பவுடர் டப்பாவைக் கவிழ்த்து, தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் கையில், முழங்கையிலிருந்து விரல் வரைக்கும், தேய்த்துக்கொண்டிருந்தாள். பாயெல்லாம் பவுடர். என்னைப் பார்த்ததும், "நாளைக்கு அவங்க இவனையும் தூக்குவாங்க" என்றாள்.

தம்பி, இதை எழுதும்போது இன்றைக்கும் கை நடுங்குகிறது. மறுநாள் காலையில் சித்தி வீட்டுக்குப் போய், மரியாதையாகத்தான், ஆனால் எல்லார் முன்னாலும் சொன்னேன்: இந்த வீட்டில் என் பிள்ளைகளின் நிறத்தை யாரும் வாயில் எடுக்கக் கூடாது, புகழவும் கூடாது. "நாங்க பிள்ளைய நல்லாத்தானே சொன்னோம்" என்றார்கள். வெளுப்பைப் புகழ்வது கறுப்பைப் பழிப்பதற்குச் சமம், இரண்டையும் ஒரே பிள்ளைதான் கேட்கிறது என்று சொன்னேன். சித்தி மூன்று வருடம் என்னோடு பேசவில்லை. இன்னொரு தடவை அதே நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன். உங்கள் அம்மாவிடமும் இப்போதே, பிள்ளை பிறப்பதற்கு முன்பே, சொல்லி வையுங்கள். "பிள்ளை வெள்ளக்காரி மாதிரி இருக்குமா?" என்று கேட்கிற மாமிமார்களை அம்மாவே அடக்கட்டும், நீங்கள் அங்கிருந்து அடக்குவதை விட அது பலிக்கும்.

இங்கே எப்படி என்று கேட்டால், இரண்டு பிள்ளைகளும் ஒரே வீட்டிலிருந்து இரண்டு விதமான நாட்டுக்குள் போகிறார்கள் என்றுதான் சொல்வேன். மகளை இத்தாலியா, ஸ்பெயினா என்று கேட்பார்கள். சின்ன வயதில் அவளைப் பூங்காவுக்குக் கொண்டு போனால் என்னைப் பிள்ளை பார்க்கிற ஆள் என்று நினைத்து, மணிக்கு எவ்வளவு வாங்குகிறாய் என்று கேட்டவர்கள் உண்டு. மகனிடம் யாரும் இத்தாலியா என்று கேட்பதில்லை. 2024 ஆகஸ்டில் ஊர் ஊராகக் கலவரம் நடந்ததும், ராதர்ஹாம் பக்கத்தில் அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலைத் தாக்கித் தீ வைக்கப் பார்த்ததும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டிலிருந்து அது தூரமில்லை. அந்த வாரம் மகள் வழக்கம்போலக் கடைக்குப் போனாள், மகனை நாங்கள் வெளியே விடவில்லை. "அக்கா போகலாம், நான் போகக்கூடாதா?" என்று கேட்டான். பதினான்கு வயதுப் பையனிடம் என்ன சொல்ல? என் வீட்டுக்காரர்தான் உட்கார்ந்து அவனோடு பேசினார். அவர் பேசியதுதான் சரி என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரிக் காரியத்தில் வெள்ளைக்காரத் தாயோ தகப்பனோ ஒதுங்கி நின்றால், இது அம்மா பக்கத்துக் கஷ்டம் மட்டும் என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். உங்கள் வீட்டிலும் உங்கள் மனைவி இதைத் தன் காரியமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை பிறப்பதற்கு முன்பே இரண்டு பேரும் பேசிவிடுங்கள்.

பாஷை விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்கு இரண்டு வயதில் பேச்சு கொஞ்சம் தாமதம். பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்த செவிலி ஒருவர், வீட்டில் ஒரே பாஷை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நானே நர்ஸ், அப்படியும் கேட்டுவிட்டேன். மூன்று வருடம் அவளிடம் தமிழில் பேசவில்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை என்று இப்போது எந்தப் பேச்சுப் பயிற்சி நிபுணரும் சொல்வார், இரண்டையும் கலந்து பேசுவது வளர்ச்சியில் ஒரு கட்டம்தான். மூன்று வருடம் என்பது பிள்ளை வயதில் பெரிய காலம். அந்த ஓட்டையை அடைக்க எனக்குப் பத்து வருடம் பிடித்தது. மகன் பிறந்ததும் முதல் நாளிலிருந்து தமிழ் மட்டும்தான் பேசினேன், அவன் இங்கிலீஷில் பதில் சொன்னாலும் நான் மாற்றவில்லை.

எந்தத் தமிழ் என்பதும் முக்கியம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மகள் "ஓர்மை இல்ல" என்று சொன்னதற்கு, அது மலையாளம், ஞாபகம் என்று சொல் என்று திருத்தினார்கள். அவள் வீட்டுக்கு வந்து, நீ எனக்குத் தப்பான தமிழைச் சொல்லிக் கொடுத்துவிட்டாயா என்று கேட்டாள். இங்கிலாந்தில் போதாத தமிழ், தமிழ் ஆட்களிடம் தப்பான தமிழ், பிள்ளை எங்கேதான் போகும்? நான் என் அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். மரச்சீனிக் கிழங்கு, கொல்லாம்பழம், சக்கை, சாடுவது, பைய நடப்பது என்று பாட்டியும் பேத்தியும் ஒரு மணி நேரம் பேசினார்கள். பாட்டி பேசுகிற தமிழ் தப்பாக இருக்க முடியாது என்று அவளுக்கே விளங்கிவிட்டது. வகுப்புத் தமிழும் படிக்கட்டும், எழுதப் படிக்க அது வேண்டும், ஆனால் வீட்டில் உங்கள் குலசேகரத்துப் பேச்சையே பேசுங்கள். உங்கள் அம்மாவோடு பிள்ளை பேசப்போவது அதில்தான்.

பேச்சு மட்டும் போதாது, கதையும் வேண்டும். நம் ஊரில் இந்த மாதிரிப் பிள்ளைகளைச் "சட்டைக்காரப் பிள்ளை", வெள்ளைக்காரக் கலப்பு என்ற அர்த்தத்தில், என்று சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் மகளையும் ஒருவர் சொன்னார், பதினான்கு வயதில். அர்த்தம் கேட்டாள், சொன்னேன், முகம் சுருங்கியது. மறுநாள் அவளைப் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் அந்த ரோட்டில் ஆயிரம் தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன், உள்ளே ஒழுங்காகப் பார்த்ததில்லை. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படைக்காரர் டிலனாய், பிறகு அவருக்கே படைத்தலைவராகி, 1777-இல் இறக்கும் வரை இந்த மண்ணிலேயே இருந்தார். அந்தக் கோட்டைக்குள் கூரை போன பழைய கிறிஸ்தவக் கோவிலில் அவர் கல்லறை இருக்கிறது, மனைவியும் மகனும் அங்கேதான். கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறது. மகள் அந்தக் கல் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழைய தமிழ் எழுத்தில் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தாள். லத்தீன் எழுத்து அவளுக்குப் பழக்கம், தமிழ் எழுத்து பாதி தெரியும். "இங்க இவங்களுக்கு ரெண்டுலயும் எழுதி வச்சிருக்காங்க" என்று மட்டும் சொன்னாள். வெயில் ஏறும் வரை எழுந்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது அவளுக்கு மீட் ஐயரைப் பற்றியும் சொன்னேன். 1818-இல் நாகர்கோவிலுக்கு மிஷனரியாக வந்த சார்லஸ் மீட், நெய்யூரில் பல வருடம் ஊழியம் செய்தவர், 1850-களின் தொடக்கத்தில் உள்ளூர்க் கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். கூட இருந்த மிஷனரிகளாலேயே அதைத் தாங்க முடியவில்லை, அவர் மிஷனை விட்டே விலக நேர்ந்தது. சபையில் அவர் தொடங்கிய பள்ளிக்கூடத்தையும் அச்சுக்கூடத்தையும் பற்றிச் சொல்வார்கள், இந்தக் கல்யாணத்தைப் பற்றி அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகத் தோன்றியது. நம் கதை புதுசு இல்லை, நம் மாவட்டத்திலேயே இருநூறு வருடமாக இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்தால் அது தனியாக நிற்கிறோம் என்று நினைக்காது.

அந்தப் பக்கத்துக் கதையையும் இதே அக்கறையோடு சொல்ல வேண்டும். நாம் ஊரை விட்டு வந்த ஏக்கத்தில் நம் பக்கத்தையே ஊட்டுவோம், பிள்ளை பிறந்து வளர்கிற மண்ணை வெறும் வாடகை வீடாக்கிவிடுவோம். என் மாமனார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, 1984 மார்ச்சிலிருந்து 1985 மார்ச் வரை ஒரு வருடம் வேலைநிறுத்தத்தில் இருந்தவர். என் அப்பா திருவட்டாறு பக்கம் ரப்பர் வெட்டியவர், விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு விளைக்குள் போவார். மகன் ஒரு நாள் இரண்டு தாத்தாக்களின் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பேர் நெற்றியிலும் லைட் இருக்கிறதே என்றான். இருபது வருடத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

மற்றதெல்லாம் சின்ன விஷயம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் பலருக்குப் பிறக்கும்போது இடுப்பிலும் முதுகிலும் நீலத் திட்டு இருக்கும், அடிபட்ட காயம் மாதிரித் தெரியும். சில வருடத்தில் தானாகப் போய்விடும். இருந்தால், பிறந்த உடனே அதைப் பிள்ளையின் சிவப்புப் புத்தகத்தில், அதாவது இங்கே தருகிற உடல்நலப் பதிவுப் புத்தகத்தில், எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் பின்னால் நர்சரியில் யாராவது பார்த்துவிட்டு வேண்டாத விசாரணை வரும். பெயரை இரண்டு பாட்டிகளும் சொல்லிப் பாருங்கள், இரண்டு பேர் வாயிலும் நுழைந்தால் வையுங்கள். ழகரம் வைத்த பெயர் அழகுதான், இங்கே அதை எல்லாரும் லகரமாக்குவார்கள், அதற்கு மனம் தயாராக இருந்தால் சரி. மகனுக்கு நடுப் பெயராக என் பாட்டாவின் பெயரை வைத்தோம், போன வருடத்திலிருந்து அவனாகவே அந்தப் பெயரில் கூப்பிடச் சொல்கிறான். பிள்ளையின் கடைசிப் பெயரும் உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் வேறாக இருந்தால், தனியாகக் கூட்டிக்கொண்டு பயணம் போகும்போது பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள், எல்லையில் கேட்கலாம்.

மனைவி பிரிட்டிஷ் குடிமகள் என்பதால் இங்கே பிறக்கிற பிள்ளை பிறப்பிலேயே பிரிட்டிஷ். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, அதனால் இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருகிற ஓசிஐ கார்டு எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ஆயுசுக்கும் விசா இல்லாமல் ஊருக்குப் போய் வரலாம். ஓட்டு இல்லை. விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது, ஆனால் வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் ரப்பர் விளை இருந்தால் அம்மாவின் பயத்தில் ஒரு பகுதி அதுவாகவும் இருக்கலாம், அதைச் சொன்னால் கொஞ்சம் ஆறுவார்கள். படிவங்களில் "கலப்பு: வெள்ளையர், ஆசியர்" என்று ஒரு கட்டம் வரும். மக்கள்தொகைக் கணக்கில் கலப்பினம் என்ற பிரிவே 2001-இல்தான் முதலில் வந்தது. 2021-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 17 லட்சம் பேர், நூற்றுக்கு 2.9 பேர், அதில் ஏதோ ஒரு கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள். பிள்ளை வளர்ந்ததும் எந்தக் கட்டத்தில் குறி போட வேண்டும் என்று அதுவே முடிவு பண்ணட்டும். என் மகள் அதில்தான் போடுகிறாள், மகன் சில நேரம் "ஆசியர்" மட்டும் போடுகிறான். நான் ஏன் என்று கேட்பதில்லை.

"எந்த ஊரு?" என்று யாராவது பிள்ளையிடம் கேட்டால், பக்கத்தில் நிற்கிற நீங்கள் பதில் சொல்லாதீர்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் பிள்ளையே சொல்லட்டும். எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அம்மாவுக்கு இப்போதே விசாவுக்குப் போடுங்கள். ஜனவரிக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று மற்றவர்கள் சொல்வார்கள், தடித்த கோட்டும் கம்பளிச் சாக்ஸும் வாங்கி வைத்தால் போதும், நான் என் அம்மாவைப் பிப்ரவரியில்தான் கூட்டி வந்தேன். பிள்ளையை மடியில் வாங்கிவிட்டால் "நம்ம பிள்ளையா" என்ற கேள்வியை அவர்கள் மறுபடி கேட்க மாட்டார்கள், என் வீட்டில் அப்படித்தான் நடந்தது. வர முடியவே இல்லை என்றால், அவர்கள் பேசுவதைப் போனில் பதிந்து வையுங்கள், பாட்டு, ஜெபம், சும்மா வீட்டு விஷயம், எதுவானாலும். என் அப்பா 2021-இல் போய்விட்டார். அவர் குரல் எங்களிடம் நாற்பது விநாடிதான் இருக்கிறது. "மக்களே, சோறு தின்னியா? அங்க மழை உண்டா?" என்று தொடங்கும். மகன் அதைத் தன் போனில் வைத்திருக்கிறான்.